நட்டுக்கும் வேண்டும் இரு வீட்டார் சம்மதம்

மாட்டு வண்டியில் ஊர்ப்பயணம் செய்த காலத்தில், புறப்படுமுன் வண்டிக்காரர் குனிந்து தொட்டுப் பார்ப்பது கடையாணியை. மாட்டின் கழுத்து மணி, வண்டியின் வண்ணம், வைக்கோல் மெத்தை எல்லாம் அதற்குப் பிறகுதான். கடையாணி கழன்ற வண்டி எங்கே போய்ச் சாயும் என்பதை அவர் நன்கு அறிவார். இன்று நம்மவர் பலருடைய வாசலிலும் மோட்டார் வண்டி நிற்கிறது. வங்கிக் கடனில் வந்ததாயினும், கைமாறி வந்ததாயினும், அது குடும்பத்தின் செல்லப்பிள்ளை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும், பெரியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாக ஊர் சென்று மீள்கிறோம். அந்த வண்டிக்குக் கடையாணி எது என்று யாரேனும் வினவினால், விரல் நீட்டிக் காட்டக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

சக்கரத்தின் நடுவில் வட்டமாக அமர்ந்திருக்கும் நாலைந்து நட்டுகளே அவை. வீட்டில் எவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பஞ்சர் ஆகும் நாளில் மட்டும் அவற்றை நினைக்கிறோம். அதுவும் கழற்ற வரவில்லையே என்ற கோபத்தோடு.

பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் அன்பர்களுக்கு ஓசூர்ச் சாலையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2010-ஆம் ஆண்டில் இங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் ஓடத் தொடங்கிற்று. உயரத்தில் இவ்வளவு வசதி. கீழே இறங்கிப் பேகூர்ச் சாலையில் திரும்பினால், குழியும் மேடும் வேகத்தடையுமாகச் சக்கரங்களுக்கு நித்திய சோதனை. இத்தகைய இடத்தில்தான் அண்மைக் காலமாக ஒரு புதுமோகம் பரவியிருக்கிறது. வண்டி வந்த ஆறு மாதத்துக்குள் கம்பெனிக்காரர் கொடுத்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலாய்ச் சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளுகிறார்கள். இதைக் குறைகூற நாம் வரவில்லை. இரவுப்பணி பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பிள்ளை தன் வண்டிக்கு அழகு செய்ய விரும்பினால், அது கோலம் போடும் ஆசை போன்றதுதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. டவுன் ஹால் அருகேயுள்ள ஜே.சி. சாலைக்குப் போய்ப் பாருங்கள். மோட்டார் உதிரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு அது. சக்கரத்தின் வடிவத்தைத் தெரிந்தெடுக்க ஒரு மணி நேரம்; டயருக்கு அரைமணி நேரப் பேரம். நட்டுக்கு? கடைப் பையன் பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவான். "எல்லா வண்டிக்கும் சேரும் சார்" என்பான். எல்லா வண்டிக்கும் சேரும் நட்டு என்று உலகில் ஒன்று கிடையாது.

நம் வீட்டுக்கு வந்த வண்டி ஹோண்டா சிட்டி. நமக்கு முன் இருவர் கையில் இருந்தது. அவர்களுள் ஒருவர் அலாய்ச் சக்கரங்களைப் பூட்டியிருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. நகருக்குள் ஓட்டும்போது யாதொரு குறையும் தெரியவில்லை. மேம்பாலத்தில் ஏறி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் மட்டும் ஸ்டியரிங் மெல்ல நடுங்கும். ஒரு கடையில் சக்கரச் சமன் பார்த்தார்கள். மற்றொரு கடையில் அலைன்மெண்ட் பார்த்தார்கள். இருவரும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். நடுக்கம் நின்றபாடில்லை. பொங்கலுக்கோ இன்னும் பத்து நாள்தான். சேலத்துக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்கு அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் தருமபுரியைக் கடந்தால் தொப்பூர்க் கணவாய். அந்த இறக்கத்தில் நேரும் விபத்துகளைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர்.

அந்நாளில் நமக்கு வாய்த்தவர் தெருக்கோடியில் வசிக்கும் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். இந்நகரின் பொதுத்துறை ஆலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுக்கத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்பானரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நட்டைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த நட்டின் முகத்தைப் பாருங்கள். உருண்டையாக இருக்கிறதா?"

"ஆமாம் ஐயா."

"சக்கரத்திலுள்ள குழியைப் பாருங்கள். கூம்பாக இருக்கிறதா? உருண்டையைக் கூம்புக்குள் வைத்தால் எவ்வளவு இடத்தில் தொடும்?"

"ஒரு வட்டக் கோட்டில் தொடும்."

"பட்டையாகத் தொட வேண்டியது கோடாகத் தொடுகிறது. அந்தக் கோட்டின் மேல்தான் அம்மாவை உட்கார வைத்து ஊருக்கு அழைத்துப் போகப் போகிறீர்கள்."

நான்கு சக்கரங்களிலும் அதே கதைதான். வண்டியோடு பிறந்த பழைய நட்டுகளையே புதிய சக்கரங்களுக்கும் முறுக்கியிருந்தார்கள். நட்டின் முகத்தில் பட்டையான தேய்வுக்குப் பதிலாகத் தலைமயிர் போன்ற ஒரு மெல்லிய வளையம் மின்னியது. ஸ்டியரிங்கின் நடுக்கத்துக்குக் காரணம் வேறொன்று. அதைப் பின்னர்ச் சொல்வோம். நடுக்கம் வெறும் தொந்தரவு, நட்டுதான் ஆபத்து என்றார் பெரியவர். தொந்தரவு கொடுத்திராவிட்டால் ஆபத்தை எவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

அன்று தொட்டு நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சக குடும்பத்தார்க்குச் சொல்லிவைப்பது நலம் எனத் தோன்றிற்று.

சட்டை ஆணியில் தொங்குவதுபோலச் சக்கரம் அந்த மரையாணிகளில் தொங்குகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. நட்டை முறுக்கும்போது ஆணி சிறிதளவு நீளுகிறது. நீண்ட ஆணி, இழுத்துவிட்ட வில்லின் நாணைப்போல, மீண்டும் சுருங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புத்தான் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. சக்கரத்தின் முதுகும் குடத்தின் முகமும் ஒன்றோடொன்று இறுகி, உராய்வினால் நகராமல் நிற்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த உராய்வே.

கணக்கையும் சொல்லிவிடுவோம். சிட்டி வண்டிக்கு உற்பத்தியாளர் குறித்துள்ள முறுக்கு 108 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கோலின் முனையில் 11 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு. 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள உலர்ந்த ஆணியில் அந்த முறுக்கு ஏறத்தாழ நாலரை டன் இழுவிசையாக மாறுகிறது. நான்கு ஆணிகளும் சேர்ந்து 18 டன். ஆட்களும் மூட்டை முடிச்சுமாக வண்டி நிறைந்திருக்கும்போதுகூட ஒரு சக்கரத்தின் மேல் ஏறும் எடை 400 கிலோவுக்குள்தான். பிடிமானம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். இத்தனை வலிமைக்கும் ஆணி நீளுவது எவ்வளவு? ஒரு தலைமயிரின் பருமன் அளவே.

இங்கேதான் பெரியவர் சொன்ன கோட்டின் பொருள் விளங்குகிறது. நாலரை டன் அழுத்தம் ஒரு கோட்டின் மேல் விழுந்தால், மெதுவான அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கும். தலைமயிர் அளவு நசுங்கினால் போதும். ஆணியின் நீட்சி முழுதும் போய்விடும். நட்டு கழன்று விழவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது, பார்வைக்கு யாவும் சரி. ஆனால் பிடி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு குழியிலும் சக்கரம் நூலிழை நகரும். ஆணி வளைந்து வளைந்து நிமிரும். ஒரு நாள் முறியும்.

நட்டுக்கு இரண்டு உறவுகள் உண்டு. உள்ளே இருக்கும் மரை வண்டிக்குக் கட்டுப்பட்டது. வெளியே இருக்கும் முகம் சக்கரத்துக்குக் கட்டுப்பட்டது. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி நட்டு வாங்குவது, பெண் வீட்டாரை மட்டும் கேட்டு நாள் குறிப்பதைப் போன்றது. கம்பெனிச் சக்கரம் இருந்தவரை இரு வீட்டாருக்கும் கம்பெனியே பொறுப்பு. சக்கரத்தை மாற்றியவுடன் சம்பந்தி மாறிவிட்டார். அவரைப் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

மரையை முதலில் பார்ப்போம். மாருதி சுசுகி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆணி 12 மில்லிமீட்டர் தடிப்பு. மரைக்கும் மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா ஆகியோரின் சிறு வண்டிகளுக்குத் தடிப்பு அதேதான், இடைவெளி 1.5. கால் மில்லிமீட்டர் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடைப்பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மாறிய நட்டை விரலால் முறுக்கினால் இரண்டு மூன்று சுற்று போகும். பிறகு முரண்டு பிடிக்கும். விரலால் முறுக்குகிறவன் அங்கேயே நிறுத்திவிடுவான். காற்றுத் துப்பாக்கியால் முறுக்குகிறவனோ நிறுத்தமாட்டான். 'கடகட' என்று ஓசை எழும்; நட்டு உள்ளே போய்விடும்; ஆணியின் மரையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆதலின் எந்தக் கடையானாலும், எவ்வளவு அவசரமானாலும், முதல் முறுக்கு விரலால்தான் என்று நாம் நின்று சொல்ல வேண்டும். சரியான நட்டு அடிவரை வழுக்கிக்கொண்டு போகும். போக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய வண்டிகளுக்கு நட்டே கிடையாது. குடத்திலேயே மரை இருக்கும். 14 மில்லிமீட்டர் போல்ட்டைச் சக்கரத்தின் வழியாக உள்ளே முறுக்குவார்கள். அவற்றுக்கும் நாம் சொல்லும் நியாயம் பொருந்தும்.

மரையைப் பேசும்போது ஒரு பழங்கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடமரை இருந்தது. ஓட்டத்தின் திசையினால் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். இதை அறியாமல் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கி, ஆணியை முறித்தவர்கள் ஏராளம். இன்றைய நம் கார்களில் இருபக்கமும் வலமரைதான்.

இனி முகம். மூன்று வகை முகங்கள் நம் சாலைகளில் ஓடுகின்றன. 60 பாகைக் கூம்பு முகம் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் வருவது. உருண்டை முகம் ஹோண்டாவுக்கு உரியது. போக்ஸ்வாகனின் போல்ட்டுக்கும் அதுவே. மூன்றாவது தட்டை முகம். கழுத்தும் வாஷரும் கொண்டது. டொயோட்டாவின் சில அலாய்ச் சக்கரங்களோடு வருவது. வெளிக்கடையில் கிடைக்கும் அலாய்ச் சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை கூம்புக் குழி உடையவை. இதிலிருந்து ஒன்று விளங்கும். மாருதிக்காரர் பழைய நட்டையே போட்டாலும் முகம் பொருந்திவிடும். நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹோண்டாக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அண்டை வீட்டார் செய்ததை நாமும் செய்தால் போதும் என்ற நியாயம் இவ்விஷயத்தில் செல்லாமல் போவது இதனால்தான்.

பொருத்தத்தைச் சோதிக்கப் பெரியவர் ஒரு வழி காட்டினார்; ஆலைகளில் பிட்டர்கள் நீல மை தடவிப் பார்க்கும் பழைய முறைதான் அது. நட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் மை பூச வேண்டும். விரலால் முறுக்கி, ஸ்பானரால் சிறிது இறுக்கி, மீண்டும் கழற்ற வேண்டும். மை அகலமான பட்டையாகச் சுற்றிலும் அழிந்திருந்தால் பொருத்தம் உண்டு. மெல்லிய கோடாக அழிந்திருந்தால் முகம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் ஆணிகளின் வட்டமே மாறியிருக்கிறது. இந்தக் கடைசிக் குறையும் அரிதன்று. சில சக்கரங்களில் ஆணி வட்டம் 98 மில்லிமீட்டர்; பல வண்டிகளில் 100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இழுத்துப் பூட்டிவிடுவோரும் உளர். அங்கே நட்டு சாய்ந்து அமரும். சாய்ந்து அமர்ந்த நட்டுக்கு நாலரை டன் கணக்கெல்லாம் கிடையாது.

நீளத்துக்கு வருவோம். நட்டு ஆணியைக் கவ்வும் நீளம், ஆணியின் தடிப்புக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது பொறியாளர் வழக்கு. 12 மில்லிமீட்டர் ஆணியில் 1.5 இடைவெளி மரையானால் எட்டுச் சுற்று, 1.25 ஆனால் ஏறத்தாழ பத்துச் சுற்று. அலாய்ச் சக்கரத்தின் நடுப்பகுதி இரும்புத் தகட்டைவிடத் தடிமனானது; அதனால் ஆணியின் நீளத்தில் பெரும்பகுதியைச் சக்கரமே விழுங்கிவிடும். சக்கரம் வெளியே துருத்தி நிற்கவேண்டும் என்ற ஆசையில் இடையே ஸ்பேசர் தகட்டை வைப்போரின் நிலை இன்னும் மோசம். எண்ணிப் பார்ப்பது எளிது: நட்டு சக்கரத்தைத் தொடும்வரை எத்தனை சுற்று போகிறது என்று வாய்விட்டு எண்ணினால், குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதற்கு நேரெதிரான தீங்கு ஒன்றும் இருக்கிறது. தலை மூடிய நட்டுகள் அழகானவை, துருவும் ஏறாது. ஆணி நீளமாக இருந்து நட்டின் குழி ஆழம் குறைந்திருந்தால், ஆணியின் முனை நட்டின் கூரையில் முட்டி நின்றுவிடும். ஸ்பானர் நகராது, முறுக்குமானி சரியான எண்ணைக் காட்டும், சக்கரமோ தளர்ந்தே இருக்கும். நாம் அறிந்த தீங்குகளில் இதுவே வஞ்சகமானது. நட்டுக்குள் தீக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, சக்கரத்தின் குழியில் ஆணி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல் போதும். வீட்டு வண்டிக்கு எஃகு நட்டே தகும். சிவப்பும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும் அலுமினிய நட்டுகள் பந்தய வண்டிகளுக்கென வந்தவை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழற்றிப் பார்க்க ஆள் வைத்திருப்பவர்களுக்கு உரியவை. மெல்லிய குரோமியத் தொப்பி கவிழ்த்த இருபகுதி நட்டுகளும் வேண்டா. தொப்பிக்குள் துரு ஏறி உப்பிவிட்டால், நடுவழியில் ஸ்பானர் சேராது.

இப்போது அந்த நடுக்கத்தின் கதை. வண்டியின் குடத்து நடுவில் ஒரு மேடு உண்டு. சிட்டிக்கு அதன் விட்டம் 56.1 மில்லிமீட்டர். கம்பெனிச் சக்கரத்தின் நடுத்துளை அதில் கச்சிதமாக அமரும். வெளிக்கடைச் சக்கரம் பல வண்டிகளுக்கும் சேரவேண்டும் என்பதற்காகப் பெரிய துளையோடு வார்க்கப்படுகிறது. நம் வண்டியில் இருந்தது 73.1. இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப ஒரு வளையம் போடவேண்டும். அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். வளையம் இல்லாதபோது சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பும் நட்டுகளின் தலையில் விழுகிறது. உருண்டை முக நட்டோ கூம்புக் குழியில் அதைச் செய்ய இயலாமல் தவிக்கிறது. வளையத்தின் விலை சொற்பம். இரண்டு கடைகளில் கொடுத்த கட்டணத்தை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

புதிய நட்டுகள் தேடி ஜே.சி. சாலைக்குப் போனபோது, கழற்றிய நட்டு ஒன்றையும், சக்கரக் குழியின் அளவைக் குறித்த தாளையும் கையில் வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு கடைகளில் வழக்கமான பாட்டுத்தான். மூன்றாவது கடைக்காரர் தாளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து பிட்ச் கேஜைக் கொண்டுவந்து மரையில் வைத்துக் காட்டினார். 12 தடிப்பு, 1.5 இடைவெளி, 60 பாகைக் கூம்பு, எஃகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எடுத்து வைத்தார். நம்மிடம் விவரம் இருக்கிறது என்று அறிந்தால் கடைக்காரரிடமும் விவரம் வெளிவருகிறது. குழி குறுகலான சக்கரமாயின் நட்டின் தலையும் ஒடுங்கியிருக்க வேண்டும், இல்லையேல் ஸ்பானரின் வாய் உள்ளே போகாது என்பதையும் அவரே சொன்னார். அத்தகைய ஒடுங்கிய நட்டுகளுக்குத் தனிச் சாவி ஒன்று வரும். திருடனுக்குப் பயந்து போடும் பூட்டு நட்டுக்கும் அப்படியே. சாவியை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு ஊருக்குப் புறப்படும் அன்பர்களை எண்ணி இதைச் சொல்லுகிறோம். அது வண்டியில் இருக்கவேண்டிய பொருள்.

நட்டும் போல்ட்டும் நம்மவர்க்கு அந்நியமானவை அல்ல. சென்னைப் பாடியில் 1960-களில் தோன்றிய சுந்தரம் பாசனர்ஸ் மோட்டார் வண்டிகளுக்கான போல்ட், நட்டுகளைச் செய்கிறது. அதே பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களையே செய்கிறது. ஓசூரின் தொழிற்பேட்டைகளில் லேத்தின் முன் நின்றவர்கள் நம் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். கடைப் பையனைக் கேட்குமுன் அவர்களில் ஒருவரைக் கேட்கலாம். அவர்களுக்கும் அது மகிழ்ச்சி. நம் பெரியவர் அந்தப் பத்து நாளும் எவ்வளவு உற்சாகமாக இருந்தார் என்பதை அவர் வீட்டம்மாளே வந்து சொன்னார்.

நல்ல நட்டை வாங்கியபின் கெட்டவிதமாக இறுக்கினால் பயனில்லை. நான்கு ஆணிச் சக்கரத்தில் எதிரெதிராகவும், ஐந்தாணிச் சக்கரத்தில் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றுவிட்டு ஒன்றாகவும் முறுக்கவேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் முறுக்குமானி ஸ்பானரால் நடக்கட்டும். ஆள் ஏறி மிதித்து இறுக்கினால் பலம் கூடும் என்பது பட்டறைகளில் நிலவும் நம்பிக்கை. ஆணி வில்லைப் போன்றது என்றோம். அளவுக்கு மேல் இழுத்த வில் மீளாது, நீண்டது நீண்டபடியே தொய்ந்துவிடும். மரையில் எண்ணெய் தடவுவதும் அதே கேட்டைச் செய்யும். எண்ணெயினால் உராய்வு குறைவதால், அதே 108 முறுக்கில் ஆணி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்ந்த மரையிலேயே முறுக்குவது முறை. சக்கரத்தின் முதுகையும் குடத்தின் முகத்தையும் அவ்வாறே துடைக்க வேண்டும். இடையில் பெயிண்ட் படலமோ துருவோ இருந்தால், ஓடும்போது அது நசுங்கி, தலைமயிர்க் கணக்கு மறுபடியும் குலைந்துவிடும்.

இக்காரணத்தால்தான் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்கச் சொல்லுகிறார்கள். ஜப்பானில் லாரிகளின் சக்கரம் கழன்றோடும் விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. பனிக்காலத்துக்கென டயர் மாற்றும் மாதங்களை ஒட்டியே அவை மிகுகின்றன என்றும், மாற்றிய ஒரு மாதத்துக்குள் நிகழ்வனவே பெரும்பான்மை என்றும் அக்கணக்கு காட்டுகிறது. சக்கரத்தைத் தொட்ட கை மறுமுறை தொடாமல் விட்டதே அங்கும் நோய்.

பொம்மனஹள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஊருக்குப் போகும் வழியில் காப்பிக்கு நிற்கும்போது இறுக்கிக்கொள்ளலாமே என்று நாம் கேட்டோம். பெரியவர் ஒப்பவில்லை. ஓடிவந்த சூட்டில் பார்க்கும் இறுக்கம் மெய்யான இறுக்கம் அன்று. ஊருக்குள்ளேயே அந்தத் தூரத்தை ஓட்டி, இரவில் ஆறவிட்டு, காலையில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள் என்றார். அவ்வாறே நான்கு நாள் ஆலைக்கும் சந்தைக்கும் அதே வண்டியில் போய்வந்தோம். ஐந்தாம் நாள் காலை, பதினாறு நட்டுகளில் மூன்று சிறிது நகர்ந்தன, மற்றவை அசையவில்லை. மேம்பாலத்தில் நடுக்கமும் இல்லை. பொங்கலுக்கு முதல்நாள் தொப்பூர் இறக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சொல்லவேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. பலரும் மறப்பது அதுவே. ஸ்டெப்னிச் சக்கரம் கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரமாகவே டிக்கியில் கிடக்கிறது. அதன் குழி பழைய உருண்டைக் குழி. நடுவழியில் பஞ்சரானால், கூம்பு முகமுள்ள புதிய நட்டுகளை அதற்குப் போட முடியாது. போட்டால் பழைய குற்றமே தலைகீழாகத் திரும்பும். ஆகவே கழற்றிய பழைய நட்டுகளுள் நல்லவை நான்கைத் தெரிந்தெடுத்து, ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பெண் தைத்துக் கொடுத்த சிறு துணிப்பையில் இட்டு, ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். எந்த ஊர்ப் பஞ்சர்க் கடையில் நிற்க நேருமோ தெரியாதாகையால், 'இவை ஸ்டெப்னிக்கு மட்டும்' என்று பையின் மேல் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவைத்திருக்கிறோம்.